வெட்டி எடுத்த நெகட்டிவ்கள்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து ஃபெரிக் கப்பல் ஏறி வந்த என் அக்கா. கேமராவோடு வந்த தம்பி. என் மனைவி. நான்.

அக்காவுக்கு ஒரே மகள். நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. செத்த பிள்ளையின் படம் தாய் கண்ணில் படக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் படங்களை எல்லாம் அம்மா எரித்தார். நெகட்டிவை என்னிடம் கொடுத்து, பிள்ளை இருக்கிற கட்டங்களை மட்டும் வெட்டி எரிக்கச் சொன்னார். மிச்சம் கல்யாணப் படங்கள், அவை வேண்டும். வெட்டினேன். எரிக்கக் கை வரவில்லை. பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருடம் சர்க்கரையால் அக்காவுக்கு வலது கண் போனது. இடது கண்ணும் அதிக நாள் தாங்காது என்றார் டாக்டர். அதற்குப் பிறகுதான் டின்னைப் பற்றிச் சொன்னேன். "எப்ப காட்டுவ?" என்றாள் அக்கா.

முதலில் கைப்பேசியில் எடுத்துப் பார்த்தேன். கீழே இன்னொரு போனில் வெள்ளை வெளிச்சம், அதன் மேல் நெகட்டிவ். சீக்கிரம் முடிந்தது. ஆனால் அடியில் இருந்த போனின் திரை படத்தில் ஏறி, முகமெல்லாம் புள்ளி. ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடியை நடுவில் வைத்தேன். புள்ளி போனது. பெரிதாக்கினால் முகம் குழைந்தது. அக்காவுக்குப் பெரிதாகத்தான் வேண்டும்.

மனைவி வேலை இடத்திலிருந்து ஸ்கேனர் இரவல் வாங்கி வந்தாள். மூடியில் விளக்கு இருக்கிற வகை. நிறம் நன்றாக வந்தது. ஆனால் அதில் பிலிமை மாட்டும் சட்டம் ஆறு கட்டம் சேர்ந்திருக்கிற நீளப் பிலிமுக்கு. நான் வெட்டியவை தனித்தனி. சட்டத்தில் நிற்காமல் விழுந்தன. கண்ணாடி மேலேயே வைத்தால் சுருண்டு, தண்ணீரில் எண்ணெய் மிதக்கிற மாதிரி வளையம் விழுந்தது. ஒன்றுக்கு ஐந்து நிமிடம். இரண்டு நாள் உட்கார்ந்தேன். முதுகு போனது. தேறியவை நாலைந்து.

அதனால் தம்பியைக் கூப்பிட்டேன். கேமராவைக் குனிந்து பார்க்கிற மாதிரி ஸ்டாண்டில் கட்டினான். கிட்டத்தில் எடுக்கிற லென்ஸ். இரண்டு கறுப்பு அட்டையில் சன்னல் வெட்டி, நடுவில் நெகட்டிவைச் செருகினான். அட்டை அழுத்தியதில் சுருளவில்லை. ஒன்றுக்கு அரை நிமிடம். முகம் தெளிவு. நிறம்தான் தொல்லை. பிள்ளை நீலமாக வந்தாள். ஸ்கேனர் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தான்.

அன்றே அக்காவை உட்காரவைத்து டிவியில் போட்டோம். அக்கா எழுந்து போய்த் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றாள். அவளுக்கு இடது கண்ணிலும் நடுப்பார்வை இல்லை. தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"மறைக்காதக்கா. எங்களுக்கு ஒண்ணும் தெரியல லா," என்றான் தம்பி.

"பாக்க வந்தது நானு. உனக்கு எதுக்குடா? அடுத்தது போடு."

எட்டாவது படத்தில் பிள்ளைக்கு ஒரு கை இல்லை. கத்தரி உள்ளே போயிருந்தது.

"இத யாரு வெட்டுனது?"

"நான்தாக்கா."

"நேரா வெட்டத் தெரியாதா உனக்கு? பிள்ள கைய எடுத்துட்டியே."

தம்பியிடம் அடுத்ததைப் போடச் சொன்னேன்.

"எரிச்சிட்டேன்னு அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"பொய்க்காரப் பய," என்றாள். திரையை விட்டுத் திரும்பவில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் தெரியுது, தெரியல என்று மட்டும் சொன்னாள். தெரியாதவற்றுக்குத் தம்பி வெளிச்சம் கூட்டினான். அதில் சில தெரிந்தன. தெரிந்தவற்றுக்கு மனைவி காலண்டர் ஓரத்தில் கோடு போட்டு வந்தாள். டின்னில் இருந்தவை நாற்பத்து மூன்று.

அக்காவுக்கு முகம் தெரிந்தவை பத்தொன்பது.