வேணு வளர்த்த முடி

என் மச்சான் வேணுவின் தலைமுடி அம்மனுக்கு நேர்ந்துவிட்ட முடி என்று ஏம்பலத்தில் நம்பாத ஆள் கிடையாது. நானும் நம்பினேன். அவன் அக்காளைக் கட்டியவன் நான். அந்த வீட்டுக் கரும்பையும் என் கரும்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்பவன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேணு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தான். கூட வேலை செய்த அந்தோணிசாமியின் அண்ணன் பிரான்சில் பட்டாளத்தில் இருந்தார். அவர் அனுப்பிய கேசட்டுகள்தான் இவனைக் கெடுத்தன. பிளாக் சபாத், டீப் பர்ப்பிள், ஜூடாஸ் பிரீஸ்ட் என்று வெள்ளைக்காரப் பாட்டுக் குழுக்களின் பெயரைச் சாமி பெயர் மாதிரி சொல்லுவான். எனக்கு அது கரும்பு மெஷினில் பல்சக்கரம் உடைந்த சத்தம். என்னைப் பிடித்து உட்காரவைத்து ஒரே பாட்டை இரண்டு கேசட்டில் போடுவான். முதலில் பாடியவன் எப்படிப் பாடினான், அதையே வேறொரு குழு எடுத்து எப்படிப் பாடியிருக்கிறது, எது ஒசத்தி என்று கேட்டு உயிரை வாங்குவான்.

“ஒரே பாட்ட எதுக்குடா ரெண்டு பேரு கத்தணும்?” என்றேன் ஒருநாள்.

“எல்லா வூட்லயும் அதே அரிசி, அதே வெல்லந்தான் மாமா. பொங்கல் ஒரே மாறியா கீது?”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. மோட்டார் கொட்டகையில் பம்ப்செட் ஓடும்போது அவன் பாடிப் பழகுவான். நாற்று நடுகிற பெண்கள் யாருக்கோ வயிற்றுவலி என்று ஓடிவந்து பார்த்திருக்கிறார்கள்.

அந்தக் குழுக்காரர்கள் தோள்வரை முடி வைத்திருப்பார்களாம். இவனும் வளர்த்தான். வெட்டாவிட்டால் சோறு கிடையாது என்று அவன் அப்பா ஜெகநாதன் கத்திக்கொண்டிருந்த சமயத்தில், எண்பத்தாறு மாசியில், அவருக்கே நெஞ்சுவலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மாமியார் தையலம்மாள் மகனைப் பார்த்து அழுதார்.

“பெத்தவன் சாவக் கெடக்கறான், இன்னாடா இந்தக் கோலம்?”

பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னான். “அப்பாவுக்காகத்தாம்மா. மாரியம்மனுக்கு முடி எறக்கறேன்னு வேண்டிக்கினு கீறேன்.”

மாமனார் பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த முடிக்கு வந்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே. மாமியார் சனிக்கிழமை தவறாமல் தன் கையாலேயே எண்ணெய் தேய்த்துவிட்டார். அவனைக் கண்டால் காறித் துப்பிய கிழவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆடித் திருவிழாவில் முடி இறக்கியிருக்க வேண்டும். லீவு கிடைக்கவில்லை என்று தள்ளிப்போட்டான். காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தோணிசாமி டவுன் பையன்களோடு ஒரு குழு வைத்திருந்தான். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் அவர்களுக்கு மேடை. அந்தப் பெரிய குழுக்களின் பாட்டு ஏழு, ஏழையும் பாடப்போவது வேணு. இருபத்தாறு வயதில் அவன் ஆசைப்பட்டது அந்த ஒரு மேடைக்குத்தான்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மாமனார் மறுபடியும் படுத்துவிட்டார். டாக்டர் கையை விரித்துவிட்டார்.

“சொன்ன வேண்டுதல செய்யல. அதான் அவ கேக்கறா,” என்றார் மாமியார்.

“திங்கக்கெழம எறக்கிடறேம்மா.”

“அதுவரைக்கும் உங்கப்பன் இருப்பானாடா?”

வேறு வழியில்லாமல் வேணு உண்மையைச் சொன்னான். “நான் வேண்டிக்கவே இல்லமா. அன்னிக்கு பயத்துல சொன்ன பொய்யி.”

ஒருத்தரும் நம்பவில்லை. மயிருக்காகச் சாமியையே பொய்யாக்குகிறானே என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது.

“அப்ப உங்கப்பன காப்பாத்துனது யார்றா?”

“மாத்தர மாமா.”

ஓங்கி ஓர் அறை விட்டேன்.

நாலு பேராகக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனோம். நான் கால்களைப் பிடித்தேன். முடி மழிக்கிற பச்சையப்பன், “தலைய ஆட்டினா கிழிச்சிடும், நல்லா புடிங்க,” என்றார். பொய்யி, நான் வேண்டிக்கல, பொய்யி என்று வேணு கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. காதோரம் ரத்தம் வழிந்தது. பாதித் தலை மழிப்பதற்குள் குரல் கட்டிக்கொண்டு வெறும் காற்றுதான் வந்தது. மாமியார் முடியை வாரி அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டார். அப்போது எனக்கு மனசு குளிர்ந்துதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் புதுச்சேரிக்குப் போனான். அந்தோணிசாமி மொட்டையைப் பார்த்துச் சிரிக்கவில்லையாம். பாடப்போவது தொண்டைதானே என்றானாம். அந்தத் தொண்டைதான் இல்லை. ஒரு வரி பாடிப் பார்த்தான், இருமல் வந்தது. கிடார் வாசிக்கிற பையனே ஏழு பாட்டையும் பாடி முடித்தான். வேணு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான்.

புதன்கிழமை காலையில் மாமனார் செத்துப்போனார்.

ஒரே ஆண்பிள்ளையாயிற்றே, வேணு குளித்து ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டியை எடுக்க வந்தான். மாமியார் எழுந்துபோய் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

“வேண்டிக்காத முடியக் குடுத்து அம்மன ஏமாத்திட்டான். அதான் எம் புருசன எடுத்துக்கினா. இவன் கொள்ளி வெச்சா அவரு கட்ட வேவாது.”

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அவனே பொய்யின்னு சொன்னானா?” என்று என்னைக் கேட்டார்கள்.

“சொன்னான். என் காதால கேட்டேன்,” என்றேன்.

பங்காளி மகன் சாமிக்கண்ணுவை உட்காரவைத்து மொட்டை அடித்து, சட்டியை அவன் கையில் கொடுத்தார்கள். பாடை கிளம்பியபோது வேணு வேலியோரமாக நின்றான். நான் தாண்டிப் போகையில் என் கையைப் பிடித்தான். குரல் இன்னும் திரும்பவில்லை. பக்கத்தில் குனிந்ததால்தான் எனக்குக் கேட்டது.

“இப்ப மட்டும் எப்டி மாமா நம்புனீங்க?”

கையை உதறிக்கொண்டு கூட்டத்தோடு நடந்தேன்.