ஆக்னஸ் அக்காவின் பத்தடி நூல்

போன வாரம் பேப்பரில் இதே பத்தியில் கொஞ்சம் அதிகமாகவே பீற்றிக்கொண்டேன். கையால் திருகிப் படத்தைத் தெளிவாக்கும் பழைய லென்ஸைப் புது டிஜிட்டல் கேமராவில் மாட்டுகிறேன் என்று. நடுவில் அடாப்டர் என்று ஒரு வளையம், அவ்வளவுதான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் லோரி இன்ஜினையே பிரித்துப் பூட்டிய கை இது... இதுவா வராது?

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு ஆக்னஸ் அக்கா ஜெரம் ஊரிலிருந்து வந்துவிட்டார். எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, எல்லாருக்கும் படமும் எடுத்துத் தந்து காலமான அந்தோணியின் மனைவி. கையில் பிஸ்கட் டின். உள்ளே, துணியில் சுற்றிய லென்ஸ்.

"அவரோடது தம்பி. இத மாட்டி என்னை ஒரு படம் எடுத்துக் குடு."

"அண்ணன் எடுக்காத படமா அக்கா?"

"லயத்து வீடுகள்ல இருந்த எல்லாரையும் எடுத்தாரு. ஒண்ணுல கூட நான் இல்ல."

மாட்டினேன். 'லென்ஸ் இல்லை' என்றது கேமரா. கண் முன்னே இருக்கிறது, இல்லை என்கிறது!

"பேப்பர்ல எழுதுறப்ப இருந்துச்சே" என்றாள் என் மனைவி, காப்பியை வைத்துக்கொண்டே.

'லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு' என்று மெனுவில் ஒன்று உண்டு. தேடிப் பிடித்துப் போட்டேன்.

அடுத்த வம்பு என் கண். புரை விழுந்திருக்கிறது. வளையத்தை இப்படியும் அப்படியும் திருகுகிறேன் — அக்காவின் முகம் தெளிகிறதா, மங்குகிறதா?

"உனக்கும் தெரியலையா?" என்றார் அக்கா. "அவருக்கும் கண்ணு சரியில்ல. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னு பயம். அதான் நூலு."

டின்னின் அடியிலிருந்து ஒரு நூலை எடுத்தார்.

எனக்கு நினைவு வந்துவிட்டது. என் கல்யாணப் படத்தன்று என் மூக்கிலும் பட்ட நூல் அது. சரியாகப் பத்தடி. ஒரு முனை கேமராவில் கட்டியிருக்கும். மறுமுனையை அக்கா ஆளின் மூக்குவரை இழுத்துப் பிடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். லென்ஸ் வளையத்தில் பத்தடிக்கு நேராக, நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு. வளையம் கோட்டில், ஆள் நூல் முனையில் என்றால் கண்ணால் பார்க்காமலே படம் தெளிவாக விழும். ஏதோ தொழில் ரகசியம் என்றல்லவா நினைத்திருந்தோம்?

நூலின் ஒரு முனையைக் கேமராவில் கட்டி, வளையத்தைக் கோட்டில் வைத்தேன். கொய்யா மரத்தடியில் அக்கா நூலைத் தன் மூக்கருகே பிடித்தார். இறுகியது. அழுத்தினேன்.

படத்தில் கொய்யா மரம் மட்டும் இருந்தது.

நூல் இறுகியதும் அக்கா ஒதுங்கிவிட்டார். மறுபடியும் எடுத்தேன். மறுபடியும் மரம்.

"நில்லுங்க லா அக்கா."

"நிக்கத்தான் பாக்குறேன். காலு தானா போகுது தம்பி." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

மனைவி எழுந்து போனாள். "குடுங்கக்கா, நான் பிடிக்கிறேன்." நூலை வாங்கி அக்காவின் மூக்குவரை இழுத்தாள். ஒதுங்கினாள்.

அக்கா நின்றார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, லென்ஸையே பார்த்தார். அந்தப் பக்கம் நான் இருப்பதாக அவர் நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

படம் பளிச்சென்று வந்துவிட்டது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ்ளோ நரைச்சிருச்சா" என்றார்.

தனி ஆளாக முன்னுக்கு வந்தவன் என்று இங்கே எத்தனை தடவை எழுதியிருப்பேன்! லைசன்ஸ் பாரம் முதல் டெண்டர் கடிதம்வரை நிரப்பித் தந்தது யார்? என் மனைவியைப் பற்றி ஒரு வாரமாவது எழுதினேனா?

உங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். எந்தப் படத்திலும் இல்லாமல் ஒருவர் இருப்பார்.

இதை எழுதி முடித்ததும் மனைவியைக் கொய்யா மரத்தடிக்குக் கூப்பிட்டேன். "மொதல்ல எழுத்துப்பிழை பாக்கணும், குடுங்க" என்கிறாள்.