சுற்றாத விசிறி

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கும் ஓர் ஆலையில், கரண்டே இல்லாமல் குழாய்க்குள் விசிறி சுற்றுகிறது என்று பேச்சு. அந்தப் பேச்சு பக்கத்து மம்சாபுரம் போய்ச் சேர்வதற்குள் கூடவே ஒரு ஜெபமும் ஒட்டிக்கொண்டது. ஃபிட்டர் ஜெபக்குமார் உபவாசம் இருந்து அதைப் பொருத்தினார் என்றார்கள். விசாரித்தால் முதல் ஏமாற்றம், குழாய்க்குள் எதுவும் சுற்றவில்லை. முறுக்கிய தகடுகள் பன்னிரண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு அசையாமல் கிடக்கின்றன. தண்ணீரும் வெளுப்பு மருந்தும்தான் அவற்றில் முட்டி, பிரிந்து, புரண்டு, கலந்து துணிமேல் இறங்குகின்றன. தான் சும்மா இருந்துகொண்டு மற்றவரைப் புரட்டி எடுப்பது அந்த ஆலைக்குப் புதிதல்ல. முதலாளி சுந்தரபாண்டியனுக்குச் சாமானைப் பார்த்ததுமே பிடித்துப்போனது.

உபவாசமும் பொய். அன்று ஜெபக்குமார் இரண்டு வேளையும் பரோட்டா சாப்பிட்டதாக அவர் மனைவி பியூலாவே சொன்னாள்.

ஜெபக்குமார் அங்கே பத்தொன்பது வருஷ ஃபிட்டர். மருந்து கலக்கும் தொட்டியின் மோட்டார் அடிக்கடி எரிந்து அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் இல்லாமலே கலக்கும் குழாயைப் பற்றிப் போனில் ஒரு வீடியோ பார்த்து, தகடுகளுக்குப் படம் வரைந்து, முதலாளி முன்னால் போய் நின்றார்.

"மோட்டாரைக் கழத்திப் போட்ருவோம் முதலாளி. துணியில ஒரு திட்டு விழுந்தாலும் ஸ்பேனரை வச்சுட்டு பேல் மூட்டை தூக்கப் போறேன்."

இதில் இரண்டாவது வாக்கியத்தை முதலாளி நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டார்.

தகடுகளைப் பொருத்திய முதல் நாள் துணி வந்தது. ஒரு ஓரம் வெள்ளை வெளேர்; மறு ஓரம் மஞ்சள் நீராட்டுக்குப் போய்வந்த மாதிரி. சனிக்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் பேல் தயாராக இருக்கிறது என்று ஆபீசிலிருந்து தகவல் வந்தது.

ஜெபக்குமார் தகடுகளை வெளியே உருவி, துணி மடிக்கும் கூடத்து வாசலில் கிடத்திக் கழுவினார். அடைப்பு எதுவும் இல்லை. மடிப்பு வேலை பார்க்கும் பாண்டிசெல்வி, மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, மஞ்ச எப்பவும் ஒரே ஓரத்துலதான் வருது. தகடு அம்புட்டும் ஒரே பக்கமா முறுக்கியிருக்கே?"

"இருந்தா என்னட்டி?"

"கேப்பைக்கூழை ஒரே பக்கமாத் துழாவுனா கட்டியும் அதுபாட்டுக்குக் கூடவே சுத்தும். செத்த நேரம் மறுபக்கமும் துழாவுனாத்தான் உடையும்."

கூழ் காய்ச்சுகிற கதையெல்லாம் இங்கே வேண்டாம் என்றார் அவர். அவள் விடவில்லை. நான் சொன்னது சரியாக இருந்தால் முதலாளியிடம் என் பேரைச் சொல்ல வேண்டும் என்றாள். ஆளை அனுப்பினால் போதுமென்று, சொல்லுதேன் என்றார்.

பிறகு தான் வரைந்த படத்தை எடுத்துப் பார்த்தார். வலம், இடம், வலம், இடம் என்று அவர் கையெழுத்திலேயே மாற்றி மாற்றி இருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விரட்டினார். தகடு முறுக்கிக் கொடுத்த லேத் பட்டறை சக்ரபாணி, தினமும் கோயிலை வலம் வந்த பிறகே கடை திறப்பவர். தப்பென்ற நினைப்பே அவர் முகத்தில் இல்லை.

"புதுச் சாமான் பாருங்கோ. இடஞ்சுத்தா இருக்க வேண்டாமேன்னு நான்தான் எல்லாத்தையும் வலமாத் திருப்பிட்டேன்."

உதவி செய்தவரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? ஜெபக்குமார் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆறு தகடுகளை இடப்பக்கமாக முறுக்க வைத்து வாங்கிவந்தார். பழையதை அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பற்றவைத்தார். சனிக்கிழமை காலை துணியின் இரண்டு ஓரமும் வெள்ளையாக வந்தன.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று முதலாளி கேட்டார். ஜெபக்குமார் வாயைத் திறந்தார். உள்ளே கேப்பைக்கூழ் வரைக்கும் தயாராகத்தான் இருந்தது.

"அனுபவந்தான் முதலாளி."

இப்போது அவர் மடிப்புக் கூடத்தைக் கடக்கும்போதெல்லாம், பாண்டிசெல்வி துணியின் இரண்டு ஓரங்களையும் தூக்கிக் காட்டுகிறாள்.

"முதலாளி வரட்டும், சொல்லிருதேன்" என்கிறார் ஜெபக்குமார். பத்தடி தள்ளி, ஆபீஸ் கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே முதலாளி டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.