யார் வளர்க்கிறார்களோ அவர்கள் பிள்ளை

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பச்சைத் தோல் சுமக்கிற கூலியாகத் தொடங்கி, செருப்பின் மேல்பாகம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஆம்பூர் கம்பெனி ஒன்றில் மேஸ்திரி ஆனேன். அங்கே தையல் ஹாலை உருவாக்கியவன் நான். எந்த மெஷினை எந்த ஜன்னலோரம் போட்டால் கண் வலிக்காது என்று பார்த்துப் போட்டேன். பொம்பளைங்க மெஷினில் உட்கார மாட்டார்கள் என்று ஊரே சொன்னது. வீடு வீடாகப் போய்க் கூட்டிவந்து உட்கார வைத்தேன். சண்டை போட்டு அவர்களுக்குக் கக்கூஸ் கட்ட வைத்தேன். என் மகள்கள் இருவரையும் டீச்சர் ஆக்கினேன். எந்தப் படித்தவனும் எனக்குக் கை கொடுக்கவில்லை. அதெல்லாம் கிடக்கட்டும். பிள்ளைகள் ரூமைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம். கைக்குழந்தைக்காரிகள் வேலையை விட்டு நின்றுகொண்டே இருந்ததால், முதலாளி ஒரு ரூமில் தொட்டில் கட்டி, பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளையும் வைத்தார். ஒரே ஒரு விதி. பெற்ற தாய் கம்பெனியில் வேலை செய்தால்தான் பிள்ளையை விடலாம்.

என் ஹாலில் ஒரு பெண் இருந்தாள். தைப்பதற்கு முன்னால் தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது அவள் வேலை. கல்யாணம் ஆகவில்லை. அண்ணி பிரசவத்தில் செத்துப்போக, அண்ணன் பெங்களூருக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். பிறந்த பெண் குழந்தையை இவள்தான் வளர்த்தாள். பகலில் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரி மகனோடு குடியாத்தத்துக்குப் போய்விட்டாள். அப்போது குழந்தைக்கு மூன்று வயது இருக்கும்.

ஒருநாள் காலையில் தாய்மார்கள் வரிசையில் இவளும் குழந்தையோடு நின்றாள். நான் கம்பெனி கேட் பக்கத்தில் இருந்தேன்.

"உனுக்கு எப்போடி கல்யாணம் ஆச்சு, எங்களுக்குச் சொல்லாம?" என்றாள் ரூம் அம்மாள். வரிசையே சிரித்தது.

"ஆவலக்கா. ஆனா எம்புள்ளதான்."

சிரிப்பு நின்றுவிட்டது. கல்யாணமாகாத பெண், கம்பெனி வாசலில், அத்தனை பேர் கேட்க அப்படிச் சொன்னாள். ரூம் அம்மாள் குழந்தையை வாங்கக் கை நீட்டினாள். குழந்தை இவள் புடவையை இழுத்து, "அத்தே, ஒண்ணுக்கு வருது" என்றது.

"அத்தயா, அம்மாவா? எதுனா ஒண்ணு சொல்லுடி" என்றாள் அந்த அம்மாள். திருப்பி அனுப்பிவிட்டாள்.

பேச்சு மட்டும் பேரணாம்பட்டு வரை போனது. அங்கே இவளுக்குப் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் அதன்பிறகு வரவில்லை. நான் வருத்தப்பட்டுக் கேட்டேன்.

"அது போனாப் போவுது மேஸ்திரிண்ணா. புள்ளைக்கு எடம் கெடச்சிருந்தா போதும்" என்றாள்.

கொஞ்ச நாள் குழந்தையை மெஷினடியில், காலி அட்டைப்பெட்டிக்குள் உட்கார வைத்தாள். தோல் ஒட்டுகிற சொல்யூஷன் நெடியில் அது வாந்தி எடுத்தது. மேனேஜர் பார்த்துவிட்டார். வேறு வழியில்லாமல் வேலூரில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் விட்டாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று என்னிடம் சொன்னாள். தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

நான் முதலாளியிடம் போனேன்.

"இன்னா மேஸ்திரி, மறுபடியும் கக்கூஸா?"

"ரூமுங்க மொதலாளி. அத்த, பெரிம்மா வளக்குற புள்ளைங்களையும் சேக்கணும்."

"பெத்தவளுங்க புள்ளைக்கே எடம் பத்தல. தெறந்து வுட்டா ஊரே வந்துடும். ஜாஸ்தி பேஜாரு."

"வராது. யார் வளக்குறாங்கன்னு நானே வூட்டுக்குப் போயி பாத்துச் சொல்றேன். தப்பாப் போனா என்னிய வெளிய அனுப்புங்க."

ஒரே தடவையில் நடக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் போய்ப் போய் நின்றேன். ஆர்டர் நெருக்கிய நேரம், ஓரம் சீவுகிற பெண்கள் நின்றுபோனால் தையல் மொத்தமும் நிற்கும் என்று சொன்ன பிறகுதான் தலையாட்டினார். சீவுகிற மெஷின்காரிகளில் பாதிப் பேர் வீட்டில் செத்த தங்கச்சி பிள்ளையோ, ஓடிப்போன தம்பி பிள்ளையோ இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போனேன். வழி காட்ட அவளும் வந்தாள். என் முறை சுலபமானது. வாசலில் நின்று சத்தமாகக் கனைப்பேன். புது ஆளைப் பார்த்ததும் பிள்ளை ஓடிப்போய் ஒருத்தி பின்னால் ஒளியும். அவள்தான் வளர்க்கிறவள். ஒரு வீட்டிலும் இது தப்பவில்லை. இதை எந்த ஆபீசரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

வீடுகளைப் பார்த்து முடித்த வாரமே அவளோடு வேலூர் இல்லத்துக்குப் போனேன். புது கவுன் வாங்கி வந்திருந்தாள். குழந்தை வராந்தாவில் விளையாடிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்தது. எழுந்து ஓடியது. அங்கே சாதம் ஊட்டுகிற பெண்ணின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"ரெண்டு நாள் அழுவும், அப்புறம் சரியாப்பூடும். கூட்டிட்டுப் போம்மா" என்றாள் அந்தப் பெண்.

என்னோடு வந்தவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, "எல்லா வூட்லயும் நீங்க பாத்தது இதானேண்ணா" என்றாள். கவுனை அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். "இன்னொரு வாட்டி புடுங்கி எடுக்க மாட்டேன்க்கா. நீயே வச்சிக்க."

பஸ்ஸில் ஆம்பூர் வரைக்கும் எனக்கும் சேர்த்து அவளே டிக்கெட் எடுத்தாள்.

ரூம் நிறைந்தது. அத்தை, பெரியம்மா, மாமி வளர்த்த பிள்ளைகள் தொட்டிலில் தூங்கின. அவள் வேலையில் இருந்தவரை அந்த ரூம் பக்கம் போகவே இல்லை. டீ குடிக்கக்கூட வேறு வழியாகச் சுற்றிப் போவாள்.

போன ஆண்டுவிழாவில் முதலாளியின் பேரன் பேசினார். அந்த ரூம் தன் தாத்தாவின் இரக்கத்தால் எல்லாருக்கும் திறந்தது என்றார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் அவள் வீட்டுக்குப் போய், நடந்ததை நானே எழுதப் போகிறேன் என்று சொன்னேன். "எம்பேர எங்கயும் சொல்லாதீங்கண்ணா" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அவள் பெயர் இங்கே இல்லாததற்கு அதுதான் காரணம்.

நான் அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை. முதலாளியிடம் போய்ப் போய் நின்றவன் நான். என் வேலையைப் பணயம் வைத்துத்தான் அந்தக் கதவு திறந்தது. அடுத்த விழாவில் தாத்தாவைச் சொல்லட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. மேஸ்திரி வாதாடித்தான் நடந்தது என்பதையும் அதே மேடையில், என் காதுபடச் சொல்ல வேண்டும்.