ஆற்றின் நடுவே ஒரு விரல்

குழாய் ரிப்பேர்க்காரருக்கு, குட்டி ரயில் மாதிரிகள் செய்பவர்களின் சங்கத்தில் 'கைநாட்டு' என்று பட்டப்பெயர். சும்மா வரவில்லை அது. குட்டி ரயில் ஓடும் பலகையில் அவர் செய்கிற ஆறு அசல் ஆறேதான். அடியில் பச்சையும் பழுப்பும் பூசி, மேலே, இறுகினால் தண்ணீர் போலவே தெரியும் ரெசின் பசையை ஊற்றுவார். அது இறுக ஒரு முழு நாள் ஆகும். அதுவரை தொடக் கூடாது. மனுஷனுக்கு அது ஒன்றுதான் முடியாது! "காஞ்சிடுச்சா பாப்போமே" என்று விரலை வைப்பார், ரேகை அப்படியே பதிந்துவிடும். சங்கம் இதுவரை நடத்திய மூன்று கண்காட்சிகளிலும் அவர் பலகையைக் கடைசி மூலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

இந்த முறை வாசல் மேசைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ரேகை இருந்தால் மறுபடி மூலைதான் என்று சொல்லிச் சங்கத் தலைவர் ஒத்துக்கொண்டார். கண்காட்சிக்கு முந்தின நாள் காலை ரெசினை ஊற்றியதும் அறையைப் பூட்டி, சாவியை மனைவியிடம் நீட்டினார்.

"நான் அழுதாலும் தராதே."

"அழுங்க, பாக்கலாம்" என்றாள்.

அன்று அவர் பட்ட பாடு இருக்கிறதே! இருப்புக் கொள்ளவில்லை. வேலைக்குப் போன வீட்டில் ஒழுகாத குழாயையும் கழற்றி மாட்டினார். மனைவிக்கு ஏழு தடவை போன் போட்டார்.

"குமிழ் வந்திருக்குமா? தூசி விழுந்திருக்குமா?"

"ஒண்ணும் ஆகியிருக்காது. வேலையைப் பாருங்க."

எட்டாவது தடவை அவள் எடுக்கவில்லை.

மறுநாள் காலை பூட்டைத் திறந்தார்கள். ஆறு பளபளவென்று கிடந்தது. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு விரல் தடம், சின்னதாக. திரும்பிப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க கேட்டுக் கேட்டு எனக்கே பயம் வந்துடுச்சு. காஞ்சிடுச்சான்னு ஒரே ஒரு தடவைதான்..."

இன்னொரு பூச்சுப் பூசினால் அது காய இன்னொரு நாள் வேண்டும். கண்காட்சிக்கோ இரண்டு மணி நேரம்தான் இருந்தது. கோபம் தொண்டை வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டார்.

கண்காட்சிக் கூடத்தில் தலைவர் குனிந்து பார்த்தார்.

"என்ன கைநாட்டு, திரும்பவுமா?"

"ஆமாங்க. என் கை எங்க சும்மா இருக்கு?"

"விரல் சின்னதா இருக்கே?"

மனைவி வாயைத் திறந்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"கவலையில இளைச்சுட்டேங்க" என்றார், சட்டைப் பொத்தான் தெறிக்கும் தொந்தியோடு.

தலைவர் மூலையைக் காட்டினார். பலகையின் ஒரு முனையைக் கைநாட்டு தூக்கினார். மறுமுனையை, யாரும் சொல்லாமலே, அவள் பிடித்தாள்.