பெரியம்மாவுக்காக அடித்த போன்கள்

பழைய உறுப்பினர்களுக்குப் போன் அடித்து உதவி கேட்கிற வேலையில் நம் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆனாலும் தினமும் சிவப்பது முகம்தான். கோயில் திருவிழா, பள்ளிக்கூடப் போட்டி என்று எதற்காவது நன்கொடை கேட்டு அலைந்தவர்களுக்கு இது உடனே புரியும். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

எங்கள் இளைஞர் மன்றம் மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம், ஒரு செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் உள்ளே தள்ளி இருக்கும் தொழிலாளர் லயங்களிலிருந்து சின்னப் பிள்ளைகளை ஏற்றி வர ஒரு பழைய வேன் இருந்தது. அதன் பெயர் பெரியம்மா. ஏன் அந்தப் பெயர் என்று நாங்கள் கேட்டதே இல்லை. போன வருடக் கடைசியில் அதன் இஞ்சின் போய்விட்டது. செம்பனைப் பழ லோரிகள் பறக்கிற பாதையில் பிள்ளைகளைச் சைக்கிளில் அனுப்ப எந்த அம்மாவுக்கும் மனசு வரவில்லை. வேன் இல்லையென்றால் அந்தப் பிள்ளைகளுக்கு மன்றமும் இல்லை. மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் மகேஸ் அக்கா போனை என்னிடம் நீட்டினார். "எல்லார் மாதிரியும் பேசிச் சிரிக்க வைக்கிறல்ல? இப்போ உதவி கேளு, பார்ப்போம்."

முதலாளி எழுந்து நின்றது

முதல் ஆள் குணா அண்ணன். கெர்லிங்கில் லோரி கம்பெனி வைத்திருக்கிறார். அவர் காலத்தில் மன்றத்தில் காற்பந்து சொல்லிக்கொடுத்தவர் தோட்டத்து மண்டோர், அதாவது கங்காணி. அதே மண்டோர் இன்றும் எங்களைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார், அதனால் அவர் குரல் எனக்கு அத்துப்படி. தொண்டையைக் கனைத்துவிட்டு, "டேய் குணா! ஜெர்சி எங்கடா? மணி என்னடா ஆவுது?" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிறீச்சென்று நகர்ந்தது. "இந்தா வந்துட்டேன் மண்டோர்!" நான் யாரென்று சொன்னேன், வேன் கதையையும் சொன்னேன். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மண்டோரின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகுதான் கத்தினார். "டேய், ஆபிஸ் பிள்ளைங்க முன்னாடி என்னை அட்டென்ஷன்ல நிக்க வச்சிட்டியேடா! என்கிட்ட வேன் இல்லலா. டயர் வேணும்னா எடுத்துக்கோ."

கடைசிக் கோப்பை

எங்கள் மன்றத்தில் ஒரு சட்டம். தாமதமாக வருகிறவர் எல்லாருக்கும் தே ஓ என்கிற பாலில்லாத டீ கலக்க வேண்டும், தான் கடைசியாகக் குடிக்க வேண்டும். தீர்ந்துபோனால் பச்சைத் தண்ணீர்தான். ஷா ஆலாமில் வக்கீலாக இருக்கும் ஓர் அக்காவுக்குப் போன் அடித்தபோது, "மீட்டிங்குக்கு லேட்டாயிடுச்சுப்பா, தே ஓ கலக்கணும், அப்புறம் பேசறேன்" என்றார். தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்து, அதே குரலில் மகேஸ் அக்காவிடம் சொல்லிக் காட்டிச் சிரித்தேன்.

சிரித்து முடிப்பதற்குள் அவரே கூப்பிட்டார். அவருடைய அலுவலகத்திலும் அதே சட்டமாம், முதலாளியான அவருக்கும் சேர்த்து. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதை அவர் ஏதோ வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தார் என்று நினைக்கிறார்களாம். எந்த வேன் வந்தாலும் ரோட் டெக்ஸ், இன்சூரன்ஸ் தன் பொறுப்பு என்றார். ஆக, எங்களிடம் டயர் இருந்தது, ரோட் டெக்ஸ் இருந்தது, வேன்தான் இல்லை. தே ஓ கலக்க வெட்கமாக இல்லையா என்று சும்மா கேட்டு வைத்தேன். "வெட்கமா? கேஸ் தோத்தாலும் சீனி அளவுல நான் தோத்ததில்லன்னு ஆபிஸ்ல எனக்குப் பேருடா."

சாவுச் செய்தி

அடுத்தவர் அந்தோணி அண்ணன், ஆற்றுக்கு அக்கரையில் பாசிர் பெனம்பாங்கில் மீன் வியாபாரி. பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம். மனம் இளகட்டும் என்று இழவு வீட்டுக் குரலில் ஆரம்பித்தேன். "அண்ணே... நம்ம பெரியம்மா போயிட்டாங்கண்ணே..." அடுத்து இஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டியது. அதற்குள் "ஐயோ ஆண்டவரே!" என்ற சத்தம், லைன் கட். திரும்ப அடித்தால் ஓயாமல் எங்கேஜ்.

சாயங்காலம், அவர் பரப்பிய செய்தியைக் கேட்டு மன்றத்து வாசலில் கார்கள் வந்து நின்றன. கெர்லிங்கிலிருந்து குணா அண்ணன், ராசா ஊரிலிருந்து சிலர். கடைசியாக அந்தோணி அண்ணன் கறுப்புச் சட்டையில், கையில் மலர்வளையத்தோடு இறங்கினார். பின்னால் அவர் மனைவி கண்ணைத் துடைத்தபடி. "எங்க வச்சிருக்கீங்க?" என்றார். நான் மரத்தடியில் நின்ற வேனைக் காட்டினேன். அவர் வேனைப் பார்த்தார், மலர்வளையத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்காடா என் பொண்டாட்டி ஆத்தைத் தாண்டி அழுதுக்கிட்டு வந்தா?"

செத்தவர் கூப்பிட்டது

மகேஸ் அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். "ஏன்டா, நான் செத்துட்டேனாமே? அழறதுக்கு யார் யாரு வந்திருக்கீங்க?" நரைத்த தலைகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தங்கள் பேரைச் சொல்லின, வகுப்பில் பேர் கூப்பிடுகிற மாதிரி.

அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. வேன் வருவதற்கு முன், தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் வேலை பார்த்த அந்தப் பெரியம்மா சனிக்கிழமை தோறும் லயம் லயமாக நடந்து, கதவைத் தட்டிப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கிறார். இவர்கள் எல்லாரும் அப்படி இழுத்து வரப்பட்டவர்கள். அவர் ஈப்போவில் மகள் வீட்டுக்குப் போன பிறகு வேன் வந்தது. கூட்டிப்போக வருகிறவர்தானே பெரியம்மா என்று ஏதோ ஒரு சின்னப் பிள்ளை வேனுக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டது.

"அந்தோணி, உன்னைக் கூட்டிட்டு வர உங்கப்பாகிட்ட நான் வாங்காத திட்டாடா?" என்றார் போனில். "ஆமா பெரியம்மா" என்றார் அண்ணன். அண்ணனின் அந்தக் குரலை நான் இதுவரை செய்து பார்க்கவில்லை. செய்யத் தோன்றவில்லை. பெரியம்மா சிரித்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார். "அது சரி, இப்போ பிள்ளைங்களை யாருடா கூட்டிட்டு வர்றா?"

மீன் வேன்

மூன்று வாரம் கழித்து அந்தோணி அண்ணனின் மீன் வேன் வந்து நின்றது. ஐஸ் பெட்டிகளை எடுத்துவிட்டு, குணா அண்ணனின் ஆட்கள் இருக்கை பொருத்தி, பெல்ட் மாட்டி, புது டயரும் போட்டிருந்தார்கள். வக்கீல் அக்கா பெர்மிட் வாங்கித் தந்துவிட்டார். சனிக்கிழமை வியாபாரத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு அண்ணனே ஓட்டுகிறார். ஹாரன் அடித்தால் போதும். அவரோ ஒவ்வொரு வீட்டிலும் இறங்கிக் கதவைத் தட்டுகிறார்.

எலுமிச்சம்பழம், சோப்பு, சாம்பிராணி, எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, வாடை போகவில்லை. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள், ஆனால் ஒருவர் பாக்கியில்லாமல் ஏறுகிறார்கள். கடைசி லயத்துக் கவிதா மகேஸ் அக்காவிடம் புகார் சொன்னாள். "எங்கம்மா என்னை மோந்து பார்த்துட்டு, மன்றத்துல இன்னைக்கு என்ன மீன் கொழம்புன்னு கேட்கிறாங்க அக்கா!"

உதவி கேட்டுப் போன் அடிக்கும் சக பாவிகளே, பொறுமையாகக் கடைசிவரை கேட்டு "பார்க்கலாம்" என்பவரை விட, பாதியில் போனை வைத்துவிட்டு மலர்வளையத்தோடு வந்து நிற்பவரையே நம்புங்கள்.