சிக்ஸ்டனுக்குக் கிடைக்காத வேஷம்

"இன்னிக்கு நான் யாரு?" என்று கதவருகே தொப்பியைக் கழற்றியபடி என்னிடம்தான் முதலில் கேட்பார் சிக்ஸ்டன். இந்த முதியோர் இல்லத்தில் காப்பி ஊற்றுவது என் வேலை. அவர் மனைவி குன்வோர் அம்மாளுக்கு ஞாபகம் போய்விட்டது. காலையிலிருந்து தபால்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறார் என்று நான் சொன்னால் போதும். இல்லாத தபால் பையின் பாரத்தில் சிக்ஸ்டனின் ஒரு தோள் சாய்ந்துவிடும்.

எங்கள் கார்ல்ஸ்டாட் நகர நாடக மேடையில் ராஜா, திருடன், பாதிரியார், ஒருமுறை பசுமாட்டின் பின்னங்கால் வரைக்கும் ஆடியவர். எழுபது தாண்டியும் ஆடுகிறார். பாட்டும் கட்டுவார். ஆகஸ்ட் மாத இறால் விருந்துகளில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஊரே பாடுவது அவர் பாட்டுதான். யார் எழுதியதென்று ஒருவருக்கும் தெரியாது. போன வருஷம் பக்கத்து நாற்காலிக்காரர் மெட்டுத் தப்புகிறது என்று அவருக்கே அதைச் சொல்லிக்கொடுத்தாராம். "நன்றின்னு சொல்லிக் கத்துக்கிட்டேன்" என்றார் சிக்ஸ்டன்.

நன்றி எங்கள் ஊரே ஓயாமல் சொல்லும் சொல். இவர் ஒரு படி மேல். பஸ் ஓட்டுபவருக்கு ஒன்று, காப்பிக்கு ஒன்று, நேற்றுக் குடித்த காப்பிக்கு இன்னொன்று. ஒரே ஒரு நேரத்தில்தான் வாய் திறக்கமாட்டார். மேடையேறுமுன் அதிர்ஷ்டத்துக்காகப் பின்புறத்தில் ஓர் உதை விடுவது நாடகக்காரர்கள் வழக்கம். வாங்கியவர் நன்றி சொன்னால் அதிர்ஷ்டம் போய்விடும். திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக்கொடுத்த குன்வோர் அம்மாள்தான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இவரை உதைத்தவர். அந்த அம்மாள் இங்கே வந்தபின் வேறு யாரையும் சிக்ஸ்டன் உதைக்க விட்டதில்லை.

இப்போது வசனம் எடுத்துக்கொடுப்பது இவர் முறை. மனைவி பாதியில் விட்ட சொல்லை மெல்ல நீட்டுவார். மாமனாராக உட்காருவார், பல் வைத்தியராகப் பயமுறுத்துவார். "எந்த வேஷம் குடுத்தாலும் பண்ணிடறேன். அவ புருஷன் வேஷம் மட்டும் ரெண்டு வருஷமா கிடைக்கல" என்று ஒருநாள் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார். பட்டை வாசனை ரொட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன், வேறென்ன செய்ய.

நேற்று தபால்காரராக நன்றாகத் திட்டு வாங்கினார். சாயங்காலம் நாடகம் இருந்தது. கிளம்பும்போது தொப்பி கீழே விழ, எடுக்கக் குனிந்தார். குன்வோர் அம்மாளின் கம்பளிச் செருப்புக் கால் மெதுவாக எழும்பி அவர் பின்புறத்தில் பட்டது.

"போ சிக்ஸ்டன், திரை தூக்கப் போறாங்க. ரெண்டாவது காட்சில மறுபடியும் அவசரப்படாதே."

அவர் திரும்பவில்லை. உதடு பிரிவதை மட்டும் பார்த்தேன். சட்டென்று இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, தொப்பியைத் தரையிலேயே விட்டுவிட்டு, வாசலை நோக்கி நடந்தார்.